தானே பொங்கி வழியும் கொசுத்தேன் கிருமியைக் கொல்லும் என்பது எப்படிச் சரியாகும்?

#1 நிழல்மரம்

கொடுக்கில்லாத் தேனீ, அதாவது கொசுத்தேனீயின் தேனைப் பற்றி இரண்டு விஷயங்களை ஒரே மூச்சில் சொல்கிறார்கள். மற்றத் தேன்களைவிட அது கிருமிகளை நன்றாகக் கொல்லும் என்பது ஒன்று. இறுக்கி மூடி வைத்தால் நுரைத்துப் பொங்கிவிடும், ஆகவே குளிர்பெட்டியில் வையுங்கள் என்பது இன்னொன்று. பொங்குகிறது என்றால் உள்ளே ஏதோ உயிரோடு இருந்து பெருகுகிறது என்றுதானே அர்த்தம்? தன் பாட்டிலுக்குள் இருக்கும் ஈஸ்ட்டையே அடக்க முடியாத திரவம், புண்ணில் இருக்கும் பாக்டீரியாவை எப்படி அடக்கும்? இரண்டில் ஒன்று கட்டுக்கதை என்று எனக்குத் தோன்றுகிறது.

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். விற்பனைப் பக்கங்களின் இணைப்பு மட்டும் வேண்டாம். படித்துச் சலித்துவிட்டேன்.

#2 தேன்வெளி

கட்டுக்கதை எல்லாம் இல்லை நண்பரே. இது இயற்கை ஆன்டிபயாட்டிக் என்று எத்தனையோ ஆய்வுகளில் நிரூபித்துவிட்டார்கள். பூவின் சத்து, மூலிகைப் பிசின், இரண்டும் சேர்ந்த தேன் இது. நியூசிலாந்தின் பெயர்பெற்ற மனுக்கா தேனைவிடச் சக்தி அதிகம். நம்பிக்கையோடு பயன்படுத்துங்கள்.

#3 மூன்றாம்பிறை

எந்த ஆய்வு? எந்தத் தேனீ? எந்தக் கிருமி? கொடுக்கில்லாத் தேனீ என்பது ஒரே பூச்சி அல்ல. வெப்பமண்டலம் முழுக்கப் பரவிக் கிடக்கும் 500-க்கு மேற்பட்ட இனங்களின் கூட்டம். பிரேசிலில் மெலிப்போனா, மலேசியாவில் ஹெட்டரோட்ரைகோனா இட்டாமா, ஆஸ்திரேலியாவில் டெட்ராகோனுலா கார்போனேரியா. ஒன்றில் கண்டதை எல்லாவற்றுக்கும் சேர்த்து எழுதிவிடுவதுதான் இந்த விஷயத்தைக் கெடுத்து வைத்திருக்கிறது.

#4 தட்டுவாசி

நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிழல்மரம், நீங்கள் சொன்ன இரண்டுமே உண்மைதான். சர்க்கரை தாங்கும் ஈஸ்ட்டையும் நோய்க்கிருமி பாக்டீரியாவையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பதால் முரண்பாடு போலத் தெரிகிறது. சாதாரணத் தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்கிறது கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரநிலை. கொசுத்தேனில் 25 முதல் 35 சதவீதம் வரை சர்வசாதாரணம். ஆனால் அந்த நீர் முழுவதும் நுண்ணுயிருக்குக் கிடைப்பதில்லை, பெரும்பகுதியைச் சர்க்கரை பிடித்து வைத்திருக்கிறது. எவ்வளவு நீர் உண்மையில் கிடைக்கிறது என்பதை நீர்ச்செயல்பாடு என்ற அளவால் சொல்வோம், தூய நீருக்கு அது 1. சாதாரணத் தேன் 0.6 பக்கம் நிற்கும், கொசுத்தேன் 0.7-ஐத் தாண்டும். புண்ணில் அடிக்கடி குடியேறும் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர 0.86 ஆவது வேண்டும். நோய்க்கிருமி பாக்டீரியாக்களில் வறட்சி தாங்குவதில் அதுவே கெட்டிக்காரன். ஈ. கோலிக்கு 0.95 வேண்டும். சில ஈஸ்ட்டுகளோ 0.65-க்குக் கீழேகூடச் சமாளித்துவிடும். இதோடு அமிலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொசுத்தேன் நல்ல புளிப்பு, பிஎச் பெரும்பாலும் 3-க்கும் 4.5-க்கும் நடுவே. ஈஸ்ட்டுக்கு அது பிரச்சினையே இல்லை, பெரும்பாலான நோய்க்கிருமிகளுக்கு அது பகை.

ஆக, பாட்டில் பொங்குகிறது என்பதை வைத்து அந்தத் தேன் பாக்டீரியாவைக் கொல்லாது என்று சொல்ல முடியாது. கொல்லும் என்றும் சொல்ல முடியாது. அது வேறு கணக்கு.

உண்மையான கேள்வி நீர்த்துப்போன பிறகு என்ன ஆகிறது என்பது. புண்ணில் தேன் வைத்தால் கசிவு ஊறி, சிறிது நேரத்திலேயே சர்க்கரையின் பலம் போய்விடும். அதனால்தான் ஆய்வகத்தில் தேனைப் படிப்படியாக நீர்த்து, எந்தச் செறிவு வரைக்கும் கிருமி வளராமல் நிற்கிறது என்று பார்க்கிறோம். 2010-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் கார்போனேரியா தேன், கிராம் நேர் பாக்டீரியாக்கள் பலவற்றை 4 முதல் 10 சதவீதச் செறிவுக்குள் தடுத்தது (கிராம் சாயம் ஏற்றிப் பார்த்து பாக்டீரியாக்களை நேர், எதிர் என்று இரண்டாகப் பிரிப்போம்). கிராம் எதிர் பாக்டீரியாக்களுக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்பட்டது. வெறும் சர்க்கரைப் பாகு அவ்வளவு நீர்த்த நிலையில் ஒன்றும் செய்யாது. ஆகவே சர்க்கரைக்கு அப்பால் ஏதோ இருக்கிறது. அது என்ன என்பதில்தான் சண்டை.

#5 நிழல்மரம்

நன்றி தட்டுவாசி. அந்த "ஏதோ" ஹைட்ரஜன் பெராக்சைடுதானே? தேனில் அது இருக்கிறது என்று எங்கோ படித்த ஞாபகம்.

#6 தட்டுவாசி

பாதி அதுதான். தேனீயின் சுரப்பியிலிருந்து வரும் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதி, குளுக்கோஸைப் பிடித்து குளுக்கோனிக் அமிலமாக மாற்றும்போது பெராக்சைடு வெளிவரும். கெட்டித் தேனில் இந்த நொதி தூங்கிக்கொண்டிருக்கும், நீர் சேர்ந்தால்தான் விழிக்கும். சிக்கல் என்னவென்றால், இரத்தத்திலும் திசுக்களிலும் காட்டலேஸ் என்ற நொதி நிறைய இருக்கிறது. அது பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைத்துவிடும். அதனால் ஆய்வகத்திலேயே காட்டலேஸைச் சேர்த்துச் சோதிப்போம். அதன் பிறகும் தடுக்கும் சக்தி மிச்சமிருந்தால் அது பெராக்சைடு அல்லாத சக்தி. மனுக்கா இவ்வளவு புகழ் பெற்றது இதனால்தான். அதற்குக் காரணம் மெத்தில்கிளையாக்சால் என்று 2008-இல் கண்டுபிடித்தார்கள். அந்தச் செடியின் பூந்தேனில் இருக்கும் டைஹைட்ராக்சிஅசிட்டோன், தேன் முதிர முதிர மெத்தில்கிளையாக்சாலாக மாறுகிறது.

கொசுத்தேனிலும் காட்டலேஸுக்குப் பிறகு சக்தி மிஞ்சுகிறது என்று ஆஸ்திரேலிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் மனுக்காவைப் போல ஒற்றை மூலக்கூறைச் சுட்டிக்காட்டி இதுதான் என்று சொல்லும் நிலை இல்லை. என் சந்தேகம் பிசின் மேல். தேனீ வளர்ப்பவர்கள் யாராவது இருந்தால் கூட்டின் உள்ளமைப்பைச் சொல்லுங்களேன். நான் தேனைக் குப்பியில்தான் பார்க்கிறேன்.

#7 குழல்வாசல்

நான் இருக்கிறேன் தம்பி. கொசுத்தேனீதான் வளர்க்கிறேன்.

கொடுக்குள்ள தேனீ தன் உடம்பில் சுரக்கும் மெழுகிலேயே அடை கட்டும், அறுகோண அறை, அதில் தேன். கொசுத்தேனீ அப்படிச் செய்யாது. மெழுகோடு மரப்பிசினைக் குழைத்து, சின்னச் சின்னப் பானைகளாகக் கட்டி அதில்தான் தேன் ஊற்றி மூடும். மகரந்தத்துக்குத் தனிப் பானை. முட்டை, புழு இருக்கும் பகுதியைச் சுற்றி மெல்லிய உறைகள், அதுவும் அதே கலவை. பெட்டி விரிசல், வாசல் குழல், எல்லாம் பிசின். பெட்டியைத் திறந்தாலே கை பிசுபிசுவென்று ஆகிவிடும், எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் சீக்கிரம் போகாது. மரத்தில் அடிபட்ட இடம், மொட்டு, சில காய்கள், எங்கே பிசின் கசிகிறதோ அங்கே போய்ப் பின்னங்காலில் உருட்டிக்கொண்டு வரும்.

இதில் கவனிக்க வேண்டியது, தேன் மாதக்கணக்கில் அந்தப் பிசின் சுவருக்குள்ளேயே ஊறுகிறது. மெழுகு அடைக்குள் இருக்கும் தேனுக்கு இது கிடையாது. ஒரே தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்துப் பெட்டியில் எடுத்த தேன்கூட நிறத்திலும் கசப்பிலும் வேறாக இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். பூ ஒன்றுதான், பிசின் எடுக்கும் மரம் வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பிசினை அவை சும்மா கொண்டுவருவதில்லை. கூட்டுக்குள் வண்டு நுழைந்தால் கொட்ட முடியாது, கொடுக்குதான் இல்லையே. பிசினும் மெழுகும் மண்ணும் சேர்த்து வண்டை உயிரோடு பூசி மூடிவிடும். கார்போனேரியா தேனீ சிறுகூட்டு வண்டை இப்படி மூடிவிடுவதை 2010-இல் ஆய்வாகவே எழுதியிருக்கிறார்கள்.

#8 தட்டுவாசி

அருமை ஐயா. பக்கத்துப் பெட்டியிலேயே வேறுபாடு என்றீர்களே, அதுதான் விஷயம்.

பிசின் மரத்துக்குச் சொந்தமான வேதிப்பொருள். மரம் தன் காயத்தில் பூஞ்சையும் பாக்டீரியாவும் ஏறாமல் இருக்கச் சுரப்பது, தேனீ அதைக் கடன் வாங்குகிறது. தாய்லாந்து, இந்தோனேசியப் பகுதிகளில் மங்குஸ்தான் மரத்துக்கு அருகில் உள்ள கூடுகளின் பிசினில் ஆல்ஃபா மாங்கோஸ்டின் கிடைத்திருக்கிறது, கிராம் நேர் பாக்டீரியாக்களை வலுவாகத் தடுக்கும் பொருள் அது. மாமரப் பிசின் எடுத்த கூடுகளில் கார்டால் வகைப் பொருட்களும் டிரைடெர்பீன்களும். கிழக்கு ஆஸ்திரேலியாவில் கடாகி என்ற யூகலிப்டஸ் உறவுமரத்தின் காய்க்குள் இருக்கும் பிசினுக்காகத் தேனீ உள்ளே நுழைகிறது, வெளியே வரும்போது விதையும் காலில் ஒட்டி வந்துவிடும். அந்த மரத்துக்கு விதை பரப்புபவர்களில் கொசுத்தேனீயும் ஒன்று! பிரேசிலில் மெலிப்போனா தேனீக்கள் பிசினோடு மண்ணையும் சேர்ப்பதால் அதற்கு ஜியோபுரோபோலிஸ் என்று தனிப் பெயர்.

அதனால் "கொசுத்தேனீப் பிசின் இந்தக் கிருமியைக் கொல்லும்" என்ற வாக்கியமே எனக்கு அரைகுறையாகப் படுகிறது. எந்த மரத்தின் பிசின் என்பதை விட்டுவிட்டு இனத்தின் பெயரை மட்டும் எழுதும் ஆய்வுக்கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. அடுத்த ஆள் அதே இனத்தை வேறிடத்தில் எடுத்துச் சோதித்தால் விடை வேறாக வருகிறது, பிறகு முரண்பட்ட முடிவுகள் என்று ஒரு பத்தி எழுதுகிறார்கள்.

#9 தேன்வெளி

சரி, எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கிருமி வளர்த்த தட்டில் பிசின் சாற்றை ஊற்றினால் சுற்றிலும் கிருமி வளராத வட்டம் விழுகிறதே, அது பொய்யா? என்னிடம் வாங்கிய ஒருவர் கல்லூரி ஆய்வகத்தில் சோதித்துப் படம் அனுப்பினார். ஆன்டிபயாட்டிக் வில்லையைச் சுற்றி விழுந்த வட்டத்தைவிடப் பிசின் சாற்றின் வட்டம் பெரிது.

#10 மூன்றாம்பிறை

அந்தச் சாற்றை எதில் கரைத்தார்கள் என்று கேட்டீர்களா?

#11 தேன்வெளி

எத்தனாலில். அதுதானே வழக்கம்?

#12 தட்டுவாசி

வழக்கம்தான். பிசின் நீரில் கரையாது. ஆனால் எத்தனாலே ஒரு கிருமிநாசினி. வெறும் எத்தனாலை அதே அளவு பக்கத்துக் குழியில் ஊற்றி அதன் வட்டத்தையும் காட்டாத படத்துக்கு மதிப்பில்லை. தேனுக்கும் இதே கதை. அதே சர்க்கரை, அதே அமிலம் உள்ள செயற்கைத் தேனைப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

இரண்டாவது, வட்டத்தின் அகலம் சக்தியை மட்டும் காட்டுவதில்லை. தட்டில் கிருமி வளர்க்கும் அகார் கூழுக்குள் அந்தப் பொருள் எவ்வளவு தூரம் ஊர்ந்து போகிறது என்பதையும் சேர்த்துக் காட்டுகிறது. சின்ன, நீரில் கரையும் மூலக்கூறு தூரம் போகும். பிசினில் உள்ள எண்ணெய்ப் பசைப் பொருட்கள் குழியிலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே நல்ல பிசினுக்குச் சின்ன வட்டமும், சுமாரான சாற்றுக்குப் பெரிய வட்டமும் வரலாம். வில்லையில் இருப்பது சில மைக்ரோகிராம் மருந்து, குழியில் ஊற்றியது பல மில்லிகிராம் சாறு. இரண்டையும் அருகருகே வைத்து அடி அளவுகோலால் ஒப்பிடுவது நியாயமே இல்லை. குறைந்தபட்சத் தடுப்புச் செறிவு எவ்வளவு என்று கேளுங்கள். அதோடு, அதே செறிவில் மனிதச் செல்கள் பிழைக்கின்றனவா என்றும் கேளுங்கள். பாக்டீரியாவைக் கொல்லும் செறிவில் தோல் செல்லும் சாகும் என்றால் பினாயிலுக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

#13 நிழல்மரம்

இந்தப் பதிவை ஒட்டி வைக்க வேண்டும் :)

இன்னொரு சந்தேகம். கூட்டுக்குள் இவ்வளவு கிருமிநாசினி இருந்தால் தேனீக்களுக்கே தேவையான நுண்ணுயிர்களும் செத்துவிடாதா?

#14 தட்டுவாசி

சாவதில்லை. பிரேசிலில் ஸ்காப்டோட்ரைகோனா டெபிலிஸ் என்ற இனத்தின் புழு அறைக்குள் ஒரு பூஞ்சை வளர்கிறது, புழு அதைத் தின்கிறது. பூஞ்சை இல்லாமல் வளர்த்தால் மிகச் சில புழுக்களே பிழைத்தன. 2015-இல் வெளியானது இது. பூஞ்சையிலிருந்து கிடைக்கும் ஸ்டெராய்டு கூட்டுப்புழுவாக மாறுவதற்கு வேண்டும் என்று அடுத்த சில ஆண்டுகளில் காட்டினார்கள். மகரந்தப் பானையிலும் லாக்டிக் அமில பாக்டீரியாவும் பேசில்லஸும் உண்டு, அவை புளிக்கவைத்துப் பதப்படுத்துகின்றன. பிசின் எல்லாவற்றையும் கொல்வதில்லை. அந்தச் சூழலுக்குப் பழகியவை உள்ளே, மற்றவை வெளியே. உங்கள் பாட்டிலில் பொங்கும் ஈஸ்ட்டும் பழகிய கூட்டத்தைச் சேர்ந்ததுதான். ஸ்டார்மெரெல்லா வகை ஈஸ்ட்டுகள் கொசுத்தேனீக்களோடு திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன.

#15 கட்டுத்துணி

இழை முழுவதும் படித்தேன். ஆறாத புண்களுக்குக் கட்டுப் போடும் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். ஆய்வகக் கதையை நிறுத்திவிட்டுக் கொஞ்சம் நோயாளி பக்கம் வரலாமா?

மருத்துவமனையில் புண்ணுக்குப் பயன்படும் தேன் என்று ஒன்று உண்டு. ஆனால் அது கொடுக்குள்ள தேனீயின் தேன், காமா கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கியது, ஒவ்வொரு தொகுதியும் சோதிக்கப்பட்டது. கதிர் ஏன் என்றால், தேனில் பாக்டீரியா வளராவிட்டாலும் அதன் வித்துகள் செத்துப்போவதில்லை. குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் வித்து தேனுக்குள் சும்மா படுத்துக் கிடக்கும். ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலுக்குள் போனால் முளைத்து நச்சு சுரக்கும். எந்தத் தேனாக இருந்தாலும் ஒரு வயதுக்குள் நாக்கில் தொட்டு வைக்கவும் கூடாது. கிருமி கொல்லும் தேன், குழந்தைக்கு நல்லது என்று சிலர் நினைப்பதைப் பார்க்கும்போது பயமாக இருக்கிறது.

கொசுத்தேனை வைத்துப் புண் ஆறுமா என்று விலங்குகளில் சோதனைகள் நடந்திருக்கின்றன, நம்பிக்கை தருகின்றன. மனிதர்களில் பெரிய அளவில், முறையாக ஒப்பிட்ட சோதனைகள் அரிது. அதுவரை நான் யாருடைய காலிலும் குப்பித் தேனை ஊற்ற மாட்டேன். சர்க்கரை நோயாளியின் பாதப் புண் என்றால் பேச்சுக்கே இடமில்லை. வீட்டில் தேனை வைத்துக் கட்டி நாட்களைக் கடத்திவிட்டு, சீழ் எலும்பு வரை போன பிறகு வந்தவர்கள் உண்டு. கண்ணில் விடுவதும் அப்படியே. மாயா மக்கள் மெலிப்போனா தேனைக் கண் நோய்க்குப் பயன்படுத்தியது பழைய வழக்கம், மறுக்கவில்லை. ஆனால் கிருமி நீக்காத, ஈஸ்ட் உயிரோடு இருக்கும் திரவத்தைக் கண்ணில் விடச் சொல்லி யாராவது எழுதினால் இங்கேயே திட்டுவேன்.

#16 குழல்வாசல்

அக்கா சொல்வது சரி. வளர்ப்பவனாக நானும் ஒன்று சேர்க்கிறேன். இந்தத் தேனீக்கள் பூவில் மட்டும் உட்காருபவை அல்ல. ஈர மண், வியர்வை, சாணம், சாக்கடை ஓரம், எல்லா இடத்திலும் சில இனங்களைப் பார்க்கலாம். அமெரிக்க வெப்பமண்டலத்தில் டிரைகோனா பேரினத்தைச் சேர்ந்த சில இனங்கள் மகரந்தத்தையே விட்டுவிட்டுச் செத்த விலங்கின் இறைச்சியைத் தின்கின்றன. பெட்டியை எங்கே வைக்கிறோம் என்பதும் சுத்தத்தைத் தீர்மானிக்கும்.

#17 தேன்வெளி

விற்பவன் என்பதால் எல்லோரும் என்னைத்தான் அடிக்கிறீர்கள், பரவாயில்லை. நேர்மையாகவே கேட்கிறேன். பொங்காமல் இருக்கச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்தால் சக்தி போய்விடுமா? வாங்குபவர்கள் நுரையைப் பார்த்தால் கெட்டுப்போனது என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

#18 தட்டுவாசி

அடிக்கவில்லை சார், கேள்விதான் கேட்கிறோம்.

சூடாக்கினால் முதலில் போவது குளுக்கோஸ் ஆக்சிடேஸ், அதாவது பெராக்சைடு பகுதி. நொதிக்குச் சூடும் வெளிச்சமும் ஆகாது. பிசினிலிருந்து வந்த ஃபீனால் வகைப் பொருட்கள் அவ்வளவு மென்மையானவை அல்ல. சிட்னி பல்கலைக்கழகத்தினர் மூன்று ஆஸ்திரேலிய இனங்களின் தேனை எடுத்துப் பார்த்ததில், பெராக்சைடு அல்லாத சக்தி சூட்டையும் நீண்ட காலச் சேமிப்பையும் தாங்கி நின்றது. எல்லா நாட்டுத் தேனுக்கும் அது பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சூடில்லாமல் ஈரம் மட்டும் எடுக்கும் முறைகள் இருக்கின்றன, இல்லாவிட்டால் குளிர்பெட்டி. இரண்டுமே சூடாக்குவதைவிட நல்லது. மலேசியா 2017-இல் கெலுலுட் (கொசுத்தேனீயின் மலாய்ப் பெயர்) தேன் என்ற பெயரில் இதற்கெனத் தனித் தரநிலை போட்டது. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 2024-இல் உணவுச் சட்டத்துக்குள் கொண்டுவந்தன. அதிக ஈரம் இந்தத் தேனின் இயல்பு என்று அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

#19 மூன்றாம்பிறை

கலப்படம் பற்றி யாரும் பேசவில்லையே. சாதாரணத் தேனில் தண்ணீரும் புளிப்பும் சேர்த்துக் கொசுத்தேன் என்று விற்றால் எப்படிக் கண்டுபிடிப்பது?

#20 தட்டுவாசி

டிரெஹலுலோஸ். 2020-இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகக் குழு, கொசுத்தேனில் இந்த அரிய சர்க்கரை 100 கிராமுக்கு 13 முதல் 44 கிராம் வரை இருப்பதைக் காட்டியது. ஆஸ்திரேலிய, மலேசிய, பிரேசில் இனங்களில் பார்த்தார்கள். பூந்தேனில் உள்ள சுக்ரோஸைத் தேனீயே இப்படி மாற்றுகிறது. சாதாரணத் தேனில் இந்த அளவுக்குக் கிடையாது. ஆய்வகத்தில் அளந்து பார்த்தால் கலப்படம் தெரிந்துவிடும். ஆனால் தேனீக்குச் சர்க்கரைப் பாகு ஊட்டினாலும் அதை டிரெஹலுலோஸ் ஆக்கிவிடும், ஆகவே அந்தத் திருட்டை மட்டும் இது பிடிக்காது. டிரெஹலுலோஸுக்கும் கிருமி கொல்வதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. பல்லைச் சொத்தையாக்காது, இரத்தத்தில் மெதுவாக ஏறும் என்பதுதான் அதன் சிறப்பு.

#21 குழல்வாசல்

தட்டுவாசி தம்பி, நான் பெட்டிவாரியாகத் தனித்தனியே தேன் எடுத்துத் தந்தால் உங்களால் சோதிக்க முடியுமா? எந்தப் பெட்டித் தேனீ எந்த மரத்தில் பிசின் எடுக்கிறது என்று ஓரளவு குறித்து வைத்திருக்கிறேன். காலில் இருக்கும் பிசின் உருண்டையின் நிறத்தை வைத்தே பாதி சொல்லிவிடலாம்.

#22 தட்டுவாசி

கண்டிப்பாக ஐயா. இந்தக் குறிப்பு இல்லாததால்தான் பாதி ஆய்வுகள் வீணாகின்றன. எடுக்கும்போது பானைகளை மொத்தமாகப் பிழிய வேண்டாம். பிழிந்தால் மகரந்தமும் பிசின் துணுக்கும் கலந்து, தேனின் சக்தி எது, பானையின் சக்தி எது என்று தெரியாமல் போய்விடும். மூடிய, முதிர்ந்த பானையில் மட்டும் சின்னத் துளை போட்டு, கிருமி நீக்கிய ஊசிக்குழலால் உறிஞ்சுங்கள். கருநிறக் குப்பி, உடனே குளிரில். அதே பானையின் சுவரில் ஒரு துண்டை வெட்டித் தனிப் பையில் போடுங்கள், தேனுக்கு வந்த ஃபீனால்கள் அங்கிருந்து ஊறியவையா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். முடிந்தால் மரத்திலிருந்தே கொஞ்சம் பிசினும். குப்பியில் பெட்டி எண், தேதி, மரம் மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை குளிரில் ஈரம் பட்டு அழிந்துவிடும்.